எண்பத்தேழா, எண்பத்தொன்பதா?

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லாமல் போய் அன்றோடு ஒன்பது நாள். மேசையின் ஒரு கோடியில் என் லேப்டாப். மறு கோடியில் முப்பது வருஷத்துக்கும் மேல் வயதான ஒரு கம்ப்யூட்டர். நடுவில் இரண்டையும் இணைக்கிற சாம்பல் நிற ஒயர். ரசத்துக்கும் அப்பளத்துக்கும் மிஞ்சியது ஒரு சாண் இடம்.

"ஏங்க, இன்னும் அது பேசலையா?" என்றாள் என் மனைவி வசந்தா. தட்டு அவள் மடியில் இருந்தது.

"பேசும்."

"ஒம்பது நாளா இதையேதான் சொல்றீங்க."

"இன்னிக்குப் பேசிடும்."

பேசவில்லை. பழைய கம்ப்யூட்டர் 'பீப்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு மௌனமானது. லேப்டாப்பின் கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக் மினுக் என்று அடித்துக்கொண்டிருந்தது. ஊரில் ஆயிரம் பேருக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்தவன் என்று இந்தப் பத்திரிகைத் தொடரின் முதல் வாரத்திலேயே பீற்றிக்கொண்டவன் நான். இரண்டு கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று பேசவைக்க எனக்கு வக்கில்லை.

இதை நான் ஆசைக்காகச் செய்யவில்லை. ஒரு மனிதர் கேட்ட கேள்விக்குப் பதிலை அந்தப் பழைய பெட்டிதான் சொல்ல வேண்டும்.

சலூனிலிருந்து ஒரு போன்

சில வாரங்களுக்கு முன் இதே பக்கத்தில் ஒரு வேடிக்கைக் கதை எழுதியிருந்தேன். படித்தவர்களுக்கு நினைவிருக்கும். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

தில்லை நகரில் ஒரு கிளினிக்கின் மாடியில் நானும் நண்பர் ஒருவரும் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினோம். ஆண்டு விழாவுக்கு ஒரு பள்ளித் தாளாளரைத் தலைமை விருந்தினராக அழைத்தோம். அவர் மேடை ஏறியதும் டி.வி. திரையில் தமிழில் வாழ்த்துச் செய்தி வரவேண்டும். தமிழில் கம்ப்யூட்டர் எழுதுவதே அதிசயமாக இருந்த காலம். வந்தது. 'தாளாளர் அவர்களை மனமார வீழ்த்துகிறோம்' என்று வந்தது.

'வாழ்த்து' வீழ்த்தாகிவிட்டது. தாளாளர் அதை மைக்கில் உரக்க வேறு படித்தார். கூடம் குலுங்கிச் சிரித்தது.

'நண்பர் செய்த எழுத்துப் பிழை' என்று முடித்திருந்தேன். இந்தத் தொடரிலேயே அதிகம் பாராட்டு வந்த வாரம் அதுதான். அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன்கூட என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு அலைந்தேன்.

பிறகு ஒரு காலை நேரம், தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"நான் செல்வராஜ் பேசறேன். உப்பிலியபுரம்."

அந்த நண்பர்தான். முப்பது வருஷமாகப் பேச்சில்லை. நான் ஏதோ உளறினேன். அவர் நிதானமாகப் பேசினார்.

"சலூன்ல உக்காந்திருந்தேங்க. முடி வெட்டறவரு புஸ்தகத்தைப் படிச்சிட்டு அப்படிச் சிரிச்சாரு. நான்தான் அந்த ஆளுன்னு அவருக்குத் தெரியாது. எனக்கே படிச்சுக் காட்டினாரு."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அந்த வாழ்த்துச் செய்தி இருந்த ஃப்ளாப்பி உங்ககிட்ட இருக்குங்களா?"

"இருக்கு."

"அதைப் பாத்துட்டுச் சொல்லுங்க. என் தப்புன்னா என் தப்புன்னே இருக்கட்டும். ஆனா பாத்துட்டுச் சொல்லுங்க."

நாங்கள் 'வாடா, போடா' என்று பழகியவர்கள். அவருடைய ஒவ்வொரு 'ங்க'வும் எனக்கு உறைத்தது. ஆனாலும், உண்மையைச் சொல்லிவிடுகிறேன், போனை வைத்ததும் எனக்கு வந்தது வருத்தமில்லை, ரோஷம். 'என்னிடமே ஆதாரம் கேட்கிறானா? கொடுக்கிறேன்' என்று கிளம்பினேன்.

பதினாறு கட்டம், எட்டு வரிசை

எங்கள் சென்டரில் இருந்த கம்ப்யூட்டருக்குத் தனியாகத் திரை கிடையாது. சாதாரண டி.வி.யில் மாட்ட வேண்டும். கனத்த கீபோர்டுக்குள்ளேயே மொத்த மூளையும் இருக்கும். அதற்குத் தமிழ் தெரியாது. நாம்தான் ஒவ்வொரு எழுத்தையும் கட்டம் கட்டமாக வரைந்து, கட்டங்களை எண்களாக்கி ஊட்ட வேண்டும்.

வரைந்தவர் செல்வராஜ். அவர் கையெழுத்தை இன்றைக்கும் மறக்க முடியாது. போர்டில் அவர் எழுதினால் மாணவர்கள் பாடத்தை விட்டுவிட்டு எழுத்தைப் பார்ப்பார்கள். அகலத்தில் பதினாறு கட்டம், உயரத்தில் எட்டு. அதற்குள் 'ஞ'வை உட்கார வைக்க மூன்று நாள் எடுத்துக்கொண்டார். 'ழ' வந்த அன்று எல்லாருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார்.

ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வரிசை எண் இருந்தது. வ எண்பத்தாறு, வா எண்பத்தேழு, வி எண்பத்தெட்டு, வீ எண்பத்தொன்பது. எழுத்துகள் அவர் பொறுப்பு. அந்த எண்களை அடித்து வாக்கியமாக்குவது என் பொறுப்பு. ஏனென்றால் நான் 'மூளை' அல்லவா? சென்டரின் போர்டில்கூட என் பெயருக்குக் கீழே 'சிஸ்டம் டைரக்டர்' என்று போட்டிருந்தேன். இருந்த சிஸ்டம் நாலு.

வ வரிசையை விழாவுக்கு முதல் நாள்தான் அவர் முடித்துத் தந்தார். யாரும் திரையில் சோதித்துப் பார்க்கவில்லை. முதலில் வைத்திருந்த செய்தி 'வணக்கம்' என்ற ஒரே சொல்தான். தாளாளரின் கார் வந்து நின்ற பிறகு, இது போதாது, கொஞ்சம் தடபுடலாக இருக்கட்டும் என்று அவசர அவசரமாகப் புதுச் செய்தி அடித்தவன் நான்.

திரையில் 'வீ' வந்தது. என் பக்கத்து வாதம் எளிமையானது. நான் எண்பத்தேழுதான் அடித்தேன், அந்த இடத்தில் செல்வராஜ் வா-வுக்குப் பதில் வீ-யை வரைந்துவிட்டார். அவர் பக்கத்து வாதம் அதைவிட எளிமையானது. "எண்ணைத் தப்பா அடிச்சிருப்பே, பாத்துடலாம் வா."

நான் பார்க்கவிடவில்லை. ஃப்ளாப்பியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். "இதுல பாக்க என்ன இருக்கு? ஊரே பாத்தாச்சு" என்றேன்.

வேடிக்கைக் கதையில் நான் எழுதாமல் விட்ட ஒன்று உண்டு. அந்தத் தாளாளர் தன் பள்ளியில் கம்ப்யூட்டர் வாத்தியார் வேலையைச் செல்வராஜுக்குத் தருவதாக இருந்தார். விழாவுக்கு அவரை அழைத்ததே அதற்காகத்தான். கூடம் சிரித்தபோது அவர் முகம் சுருங்கியது. "யாருய்யா இதைச் செஞ்சது?" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. கையை நீட்டி, "எழுத்து இவரோடது சார்" என்றேன்.

வேலை வரவில்லை. அந்த மாதமே செல்வராஜ் ஊருக்குப் போய்விட்டார்.

நேரா, குறுக்கா?

சரி, ஆதாரத்துக்கு வருவோம். ஃப்ளாப்பி பிழைத்திருந்தது. அதை வசந்தா தன் பட்டுப் புடவைகளுக்கு நடுவில் வைத்திருந்தாள். என் பொருள்களில் பூஞ்சை பிடிக்காதது அது ஒன்றுதான்.

ஆனால் பழைய கம்ப்யூட்டரின் படத்தை எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டிய புது டி.வி. ஏற்றுக்கொள்ளவே இல்லை. எனவே ஒரு தந்திரம் செய்ய வேண்டியிருந்தது. லேப்டாப்பை 'பிரின்டர்' என்று பொய் சொல்லிப் பழையதிடம் அறிமுகம் செய்துவைப்பது. பிறகு 'இந்த ஃபைலை அச்சடி' என்று கட்டளையிட்டால் எல்லாம் லேப்டாப்புக்கு வந்துவிடும். கட்டளையைத் திரை இல்லாமல் குருட்டாம்போக்கில் அடிக்க வேண்டும். அதற்கு ஒயர் வேண்டும். ஒயருக்குச் சிங்காரத்தோப்பு பக்கம் சர்வீஸ் கடை வைத்திருக்கும் உஸ்மான் பாயிடம் போனேன்.

"ஒயர் நேராப் போடணுமா ஜி, குறுக்காப் போடணுமா?" என்றார்.

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லும் வழக்கமும் கிடையாது.

"நேராத்தான் பாய். குறுக்கா எதுக்கு?"

அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். "சரி ஜி. மாஸ்டர் சொன்னாச் சரி" என்று பற்றவைக்க ஆரம்பித்தார்.

நேர் ஒயரை வைத்து மூன்று நாள் மல்லுக்கட்டினேன். தகவல் அனுப்பும் வேகத்தை மாற்றினேன். ஃபைலின் பெயரை மாற்றி மாற்றி அடித்தேன். ஏழெழுத்துக்குள் 'வாழ்த்து' என்று ஆங்கில எழுத்துகளில் பெயர் வைத்திருந்தேன். ழ-வுக்கு என்ன போட்டிருப்பேன்? இசட்டா, இசட்-எச்சா, வெறும் எல்-ஆ? அரை நோட்டு காலியானது. கடைசியில் மீண்டும் பாயிடம் போனேன்.

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து இன்னொரு ஒயரை எடுத்து நீட்டினார்.

"அன்னிக்கே சேத்துப் பண்ணி வெச்சிட்டேன் ஜி. இன்ஷா அல்லாஹ் வருவீங்கன்னு தெரியும்."

பிறகு பொறுமையாக விளக்கினார். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் பேச ஒரு கம்பி, கேட்க ஒரு கம்பி. நேராக இணைத்தால் பேசும் கம்பி பேசும் கம்பியோடு மோதும். இதன் வாய் அதன் காதுக்குப் போகக் குறுக்காகத்தான் மாட்ட வேண்டும். எங்கள் அப்பார்ட்மென்ட் சங்கக் கூட்டம் ஏன் ஒருநாளும் உருப்பட்டதில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

சந்தன வாசனை

குறுக்கு ஒயரும் ஆறு நாள் வேலை செய்யவில்லை. அப்படித்தான் ஒன்பதாம் நாள் மதியம், தட்டை மடியில் வைத்துக்கொண்டு வசந்தா உட்கார்ந்திருந்தாள்.

திடீரென்று மூக்கை உறிஞ்சினாள்.

"ஏங்க, இது சூடானா சந்தன வாசனை வருதே?"

"பழைய சாமான், அப்படித்தான் வரும்."

"பழைய சாமான்னா தூசி வாசனைதானே வரணும்? பின்னாடி திருப்புங்க, பாப்போம்."

திருப்பினாள். ஒயரைப் பிடுங்கி, அது மாட்டுகிற துளையைப் பார்த்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், சாதம் புரையேறிவிட்டது.

ஆயுத பூஜையன்று எல்லாரும் மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். பொதுவாக மேலே, முகப்பில் வைப்பார்கள். நான் மேதாவி. மிஷினுக்கு உயிர் எது? அது வெளி உலகத்தோடு பேசுகிற துளைதானே, சரஸ்வதி அங்கேதான் இருப்பாள் என்று சென்டரில் ஒரு சொற்பொழிவே நிகழ்த்திவிட்டு, விரல் நுனியால் அந்தத் துளைக்குள் சந்தனத்தை அழுத்திப் பொட்டு வைத்தேன். சென்டரை மூடி, மிஷினை ஸ்ரீரங்கத்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் விடவில்லை. வருஷம் தவறாமல் வைத்தேன். ஒரு வருஷம் காய்ச்சலோடு எழுந்து வந்து வைத்தேன்.

முப்பது வருஷச் சந்தனம். காய்ந்து, இறுகி, செங்கல்லாக உட்கார்ந்திருந்தது.

"மொதல் நாளே கேட்டேன், தொடச்சுப் பாத்தீங்களான்னு" என்றாள் வசந்தா.

"கேட்டியா?"

"கேட்டேன். 'உனக்கு இதெல்லாம் புரியாது'ன்னு சொன்னீங்க."

சேஃப்டி பின்னும் பழைய டூத்பிரஷும் கொஞ்சம் ஸ்பிரிட்டும் எடுத்துவந்தாள். போஸ்ட் ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் முத்திரைக் கட்டைகளின் இடுக்குகளைச் சுத்தம் செய்த கை. அரை மணி நேரம் சுரண்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் அடித்தேன்.

ஒயரை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டு கட்டளையை அடித்தேன். லேப்டாப் திரையில் எண்கள் விழத் தொடங்கின. மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக, நாம் பக்கத்தில் நின்று எண்ணிப் பார்க்கும் வேகத்தில் விழுந்தன. நான் நாற்காலியிலிருந்து துள்ளினேன். ரசக் கிண்ணம் கவிழ்ந்தது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

கட்டம் போட்ட நோட்டு

வந்ததெல்லாம் வெறும் எண்கள். எழுத்துகளாக மாற்றினால்தான் உண்மை தெரியும். வசந்தா கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்றை எடுத்துவந்தாள். எண்பத்தேழாம் எழுத்தின் எண்களை நான் படிக்கப் படிக்க, எந்தக் கட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும் என்று சொல்லச் சொல்ல, அவள் ஸ்கெட்ச் பேனாவால் நிரப்பிக்கொண்டே வந்தாள்.

அது வீ-யாக இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். அதை மறைப்பானேன்?

எட்டாவது வரிசை முடிந்தது. வசந்தா நோட்டைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"இது வா-தாங்க. எவ்வளவு அழகா இருக்கு பாருங்க, கால்ல கொஞ்சம்கூடக் கோணல் இல்லை."

எண்பத்தொன்பதையும் போட்டுப் பார்த்தோம். அது வீ. சுழி மேலே கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. இரண்டும் அதனதன் இடத்தில் இருந்தன.

பிறகு திரையைக் கடைசி வரைக்கும் உருட்டினேன். நான் அடித்த வாழ்த்துச் செய்தி, எண்களின் ஒரு நீண்ட வரிசை. அதில் அந்தச் சொல் தொடங்கும் இடத்தில் நான் அடித்திருந்தது 89.

வசந்தா கவிழ்ந்த ரசத்தைத் துடைக்கத் துணி எடுக்கச் சமையலறைக்குப் போனாள். நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மனிதனின் வேலையைக் கெடுத்தேன். பழியையும் அவன்மேல் போட்டேன். போதாதென்று முப்பது வருஷம் கழித்து அதையே நகைச்சுவையாக்கி அச்சிலும் ஏற்றினேன்.

"போன் பண்ணிச் சொல்லிடலாமா?" என்று கேட்டேன்.

"நேர்ல போங்க" என்றாள் சமையலறையிலிருந்து.

உப்பிலியபுரம் பஸ்

சத்திரம் பேருந்து நிலையத்தில் ஏறி, துறையூரில் மாறி, உப்பிலியபுரம் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. வழி நெடுக ஒத்திகை பார்த்தேன். 'அந்தக் கால கீபோர்டில் ஏழும் ஒன்பதும் பக்கத்தில்தான் இருக்கும்' என்று ஒரு வாக்கியம் தயார் செய்திருந்தேன். நடுவில் எட்டு இருப்பது துறையூர் தாண்டித்தான் உறைத்தது.

செல்வராஜின் வீட்டு வாசலில் ஒரு டிராக்டர் நின்றிருந்தது. அவர் சின்ன வெங்காய மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க வெள்ளை. "வாங்க" என்றார். அவருடைய மனைவி தனம் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் குடிக்கவில்லை. பையிலிருந்து நோட்டுத் தாளை எடுத்து நீட்டினேன்.

"எண்பத்தேழு வா-தான். நீ சரியாத்தான் வரைஞ்சிருக்கே. எண்ணைத் தப்பா அடிச்சது நான்" என்றேன். ஒத்திகை பார்த்த வாக்கியம் வாயில் வரவில்லை.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். கறுப்புக் கட்டங்களின்மேல் ஆள்காட்டி விரலை ஓட்டினார்.

"அப்ப என் எழுத்து சரியாத்தான் இருந்துச்சுங்களா?"

"சரியா இருந்துச்சு."

"மொதல்ல உங்க மேலதான் சந்தேகம். அப்புறம் யோசிக்க யோசிக்க எனக்கே பயமாயிடுச்சு. அவசரத்துல நான்தான் மாத்தி வரைஞ்சிட்டேனோன்னு. நீங்க அவ்ளோ உறுதியாச் சொன்னீங்களே" என்றார். பிறகு உள்ளே திரும்பி, "தனம், என் எழுத்து சரியாத்தான் இருந்துச்சாம்!" என்று உரக்கச் சொன்னார்.

தனம் நிலைப்படியில் வந்து நின்றார். தாளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"இவரு கல்யாணப் பத்திரிகை மேல பேர்கூட எழுத மாட்டாருங்க. எங்க பொண்ணு கல்யாணத்துக்கு எல்லாத்தையும் நான்தான் எழுதினேன். டிராக்டர்ல பேர் எழுதத் துறையூர்லேருந்து ஆள் கூட்டியாந்தோம். கேட்டா, 'என் கைக்கு நம்பிக்கை இல்லை'ம்பாரு. எதுக்குன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியுது."

வாசலில் நின்ற டிராக்டரைத் திரும்பிப் பார்த்தேன். பெயர் யாரோ அவசரமாகக் கிறுக்கியதுபோல் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "மன்னிச்சிடு செல்வராஜ்" என்றேன்.

அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"என்கிட்ட எதுக்குங்க? எங்க தப்பா எழுதினீங்களோ, அங்கயே எழுதுங்க. போன தடவை வெறும் 'நண்பர்'னு போட்டீங்க. இந்தத் தடவை என் பேரைப் போடுங்க. அந்த சலூன்காரரு படிக்கணும்."

சலூன்காரரே, உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து நீங்கள் வாசித்ததைக் கேட்டுக்கொண்டிருந்தவர் பெயர் செல்வராஜ். அவர் எழுத்தில் ஒரு பிழையும் இல்லை. தப்பாக அடித்தவன் நான். அடுத்த முறை அவர் முடி வெட்ட வரும்போது, தயவுசெய்து இதையும் அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.